127 பல்லுச் சில்லும் அப்பப்பாவின் அளவுக் கொப்பியும்

1958ஆம் ஆண்டுத் தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனங்களில் என் அப்பப்பாவும் ஒருவர். இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பில் பிற்றராக, இயந்திரம் பூட்டித் திருத்துகிறவராக, இருந்தவர். அநேகம் பேர் உடுத்த உடுப்போடு வந்தார்கள். அப்பப்பாவின் கையில் மட்டும் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்ததாம். அதற்குள் ஒரு மைக்ரோமீட்டர், மயிரளவு வித்தியாசத்தையும் அளக்கிற கருவி. 'மூர் அன்ட் றைற்', செபீல்டில் செய்தது. "பிள்ளையளின்ரை உடுப்பை விட்டிட்டு உந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்" என்று அப்பாச்சி சாகும்வரை சொல்லுவா. அந்தப் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது.

அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கிடுகுக் கொட்டில் ஒன்றில் பட்டறை தொடங்கினார். அது ஒருகாலம் பதினொரு பேர் வேலை செய்கிற வார்ப்பு உலையாக வளர்ந்தது, பிறகு பிரிந்தது, இடம்பெயர்ந்தது, திரும்பவும் எழும்பியது. இப்போது மூன்றாவது தலைமுறையாக நான் நடத்துகிறேன். தகப்பனின் தொழிலைக் கையில் எடுக்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிற கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி வைத்த இடங்களில் எங்கள் குடும்பம் தப்பியது. எழுதி வைக்காத இடங்களில் அடிபட்டது. நான் சொல்லப்போவது அவ்வளவும் இதைச் சுற்றித்தான்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீரைக் கிணற்றால் இறைத்துத்தான் தோட்டம். துலா மிதித்தும் சூத்திரம் கட்டியும் இறைத்த கிணறுகளில் அப்பப்பா வந்த காலத்தில் பம்புகள் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். நெல்லுக் குத்தும் மில், மா மில், எண்ணெய் மில் எல்லாம் என்ஜினுக்கு மாறிக்கொண்டிருந்தன. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு உள்ளேயே வேலைத்தளம் இருந்தது. ஆனால் தோட்டக்காரனுடைய பம்பு உடைந்தால் அவன் எங்கே போவான்? அந்த இடத்தைத்தான் அப்பப்பா பிடித்தார்.

மில்களில் நின்றவை அநேகமாக லிஸ்ரர் என்ஜின்கள். எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். நிமிடத்துக்கு 650 சுற்றுத்தான். ஒவ்வொரு அடியையும் எண்ணலாம். ஒற்றைச் சிலிண்டர், நாலரை அங்குல விட்டம், ஐந்தரை அங்குல ஓட்டம், இரண்டு பக்கமும் பெரிய பறப்புச் சில்லு, ஓட்டத்தைச் சீராக வைக்கிற கனத்த சக்கரம். அதன் பித்தளைத் தகட்டில் 'டர்ஸ்லி, இங்கிலாந்து' என்று இருக்கும். அப்பப்பாவுக்கு அந்தக் கொம்பனியின் கதையில் ஒரு பிடிப்பு இருந்தது. அதுவும் குடும்பக் கொம்பனிதான். றொபேர்ட் அஷ்ரன் லிஸ்ரர் என்பவர் தகப்பனோடு கோபித்துக்கொண்டு 1867இல் தனியாகத் தொடங்கியது. முதலில் தோட்டக் கருவிகள், பாலாடை பிரிக்கும் இயந்திரம். என்ஜினுக்கு வந்தது 1909ஐ ஒட்டித்தான். நாங்கள் பார்த்த டீசல் என்ஜின் 1930ஐ ஒட்டி வந்தது. பேரன் பேர்சி லிஸ்ரர் காலத்தில் உலகம் முழுக்கப் போனது. 1965இல் பெரிய கொம்பனி ஒன்று வாங்கிவிட்டது. என்ஜினை மட்டும் பெரிதாக மாற்றாமல் 1980கள் வரை செய்தார்கள். இந்தியாவில் ராஜ்கோட்டில் அதே அமைப்பில் பிறகும் செய்தார்கள். ஐம்பது வருடம் ஒரே அளவு! அதனால்தான் சுன்னாகத்தில் இருக்கிற ஒருவர் டர்ஸ்லிக்குக் கடிதம் போடாமல் அதற்குச் சாமான் செய்ய முடிந்தது.

அப்பப்பா செய்தது இதுதான். ஒவ்வொரு என்ஜினும் பட்டறைக்கு வரும்போது அதை அளந்து கொப்பியில் எழுதினார். நீல மட்டைக் கணக்குக் கொப்பி. 1959இலிருந்து 1981இல் அவர் போகும்வரை பதினாறு கொப்பிகள். ஒரு பதிவு இப்படி இருக்கும்: "12-3-72. புத்தூர் மில். லிஸ்ரர் 6/1. பிக் எண்ட். தண்டு 1.994. பியறிங் 1.996. நிழலில் வைத்து இருதரம் அளந்தது." 6/1 என்றால் ஆறு குதிரைவலு, ஒரு சிலிண்டர். பிக் எண்ட் என்பது பிஸ்ரன் கோல் தண்டைப் பிடிக்கிற இடம்; பியறிங் அந்தத் தண்டு சுழல்கிற கூடு. தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி தண்டுக்கும் பியறிங்குக்கும் நடுவில் விடுவது பழைய கணக்கு; இரண்டு அங்குலத் தண்டுக்கு இரண்டு தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் சின்னப் பிள்ளையாக பட்டறைக்குள் நின்றபோது அப்பாவிடம் அளவைச் சொன்னால் அவரும் அப்பப்பாவைப் போலவே திருப்பிச் சொல்லுவார்: "வாயாலை சொல்லாதை. கொப்பியிலை போடு."

பட்டறை பெருத்தது 1970க்குப் பிறகு. அப்போதைய அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்த, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் வந்தது. காசு வந்ததும் முதலில் பம்பு வாங்கினார்கள். அடுத்ததாகப் பம்பு பழுதானது. பூட்வால் (கிணற்றுக்குள் பம்புக் குழாயின் அடியில் பூட்டுகிற வால்வு), கப்பி, உழவு இயந்திரப் பெட்டியின் அச்சு, மில் சாமான் என்று வேலை குவிந்தது. அப்பப்பா இரும்பு வார்க்கும் உலை போட்டார். ஆக மிகப் பெரிதாக வார்த்தது ஆறு அந்தர் (ஓர் அந்தர் 112 இறாத்தல்) நிறையுள்ள பறப்புச் சில்லு ஒன்று. அதை ஊற்றிய நாளில் சந்தை பாதி எங்கள் வாசலில் நின்றதாம்.

வார்ப்பு வேலையில் முதற்பாடம் 'அடிக்கு ஒரு நூல்'. உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்கும். ஆகவே மண்ணில் அச்சுப் பதிக்கிற மர மாதிரியை, நாங்கள் பற்றன் என்போம், அந்தளவு பெருப்பித்துச் செய்யவேண்டும். கடைந்து எடுக்கிற பக்கங்களுக்கு இன்னொரு நூல் கூட விடவேண்டும். முதிரையிலும் வேம்பிலும் செய்த முந்நூறுக்கு மேற்பட்ட பற்றன்கள் எங்கள் பின்னறையில் தொங்கின. ஒவ்வொன்றிலும் இலக்கம், அந்த இலக்கம் கொப்பியிலும் இருக்கும்.

அளவை எல்லாம் எழுதிய அப்பப்பா ஒன்றை எழுதவில்லை. பட்டறை யாருக்கு, எவ்வளவு என்று எழுதவில்லை.

அவர் போய் மூன்று வருடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தார்கள். பெரிய சண்டை என்று சொல்லமாட்டேன். பெரியப்பாவின் பிள்ளைகள் 1983 கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போக வெளிக்கிட்டார்கள். அவருக்குக் காசு தேவை. அது நியாயமான தேவைதான். காணி அப்பப்பாவின் முதுசம், பரம்பரைச் சொத்து, உறுதி இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டு உரிமைக்காரர் ஒருவர் தன் பங்கை விற்பதென்றால் மற்றவருக்குத்தான் முதலில் கேட்கவேண்டும். அப்பா அம்மாவின் நகையை வைத்து வாங்கினார். அந்த விஷயம் ஒரு மாதத்தில் முடிந்தது, ஏனென்றால் அதற்குச் சட்டமும் உறுதியும் இருந்தன. இயந்திரங்களுக்கும் பற்றன்களுக்கும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பெரியவர்கள் இருந்து எண்ணிப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். முந்நூறில் நூற்றைம்பது.

இதில் நடந்ததைக் கேளுங்கள். உள்ளே குழாயாக இருக்கிற சாமானுக்கு வெளி உருவப் பற்றன் ஒன்று, உள் துளையை உண்டாக்கும் மண் உருளையைச் செய்கிற கோர்ப் பெட்டி ஒன்று, இரண்டும் வேண்டும். எண்ணிக்கைக்குப் பிரித்ததில் இரண்டங்குலப் பூட்வாலின் பற்றன் எங்களுக்கு வந்தது, அதன் கோர்ப் பெட்டி பெரியப்பாவிடம் போனது. அது மாதிரி முப்பதுக்கு மேலே. அவரும் வார்க்கமுடியாது, நாங்களும் வார்க்கமுடியாது. யாழ்ப்பாணத்திலேயே எங்களிடம் மட்டும் இருந்த சாமானை இரண்டு வருடம் ஒருவராலும் விற்க முடியவில்லை. ஒருவரிடம் ஒருவர் கேட்க ரோசம் விடவில்லை. கடைசியில் அம்மாதான் ஒரு தைப்பொங்கலுக்கு பெரியம்மாவிடம் போய்க் கதைத்து வாங்கிக்கொண்டு வந்தா.

தொழிலைச் சகோதரர்கள் சேர்ந்து நடத்துகிறீர்களா? நல்லாய் இருக்கிற காலத்திலேயே மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: காணி யாருடையது, இயந்திரம் யாருடையது, வாடிக்கையும் அச்சுகளும் யாருடையவை. தேடிய தேட்டம், உழைத்துச் சேர்த்த சொத்து, என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது. பற்றனும் கோர்ப் பெட்டியும் ஒரு சோடி என்பது சமாதானம் பேச வருகிற பெரியவர்களுக்குத் தெரியாது.

1990இல் வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, டீசல், இரும்பு, சீமெந்து, பற்றறி எல்லாம் தடை. உலைக்கு வேண்டிய கற்கரி முடிந்ததோடு இரும்பு வார்ப்பு நின்றது. சிரட்டைக் கரியில் அலுமினியம் உருகும், இரும்பு எங்கள் உலையில் உருகாது. பழைய பிஸ்ரன்களை உருக்கிச் சின்னச் சாமான்கள் வார்த்தோம். லேத்துக்கு, இரும்பைச் சுழற்றிக் கடைகிற இயந்திரத்துக்கு, மோட்டார் ஓடாது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து லிஸ்ரரை ஓட்டலாம். ஒயில் இல்லாமல் விட்டால் இன்ஜெக்‌ஷன் பம்பு வறண்டு தேய்ந்துவிடும். ஆனால் மண்ணெண்ணெயே விளக்குக்குப் பங்கீடு. அப்பா அந்த ஆறு அந்தர்ச் சில்லின் சின்னத் தம்பி ஒன்றைக் கட்டையில் ஏற்றி, கைபிடி பூட்டி, லேத்துக்கு வார் மாட்டினார். இரண்டு பேர் சுற்ற, அப்பா கடைவார். எனக்குப் பன்னிரண்டு வயது, நானும் சுற்றியிருக்கிறேன். வெட்டு ஆழமானால் கைபிடி நெஞ்சில் இடிக்கும். ஒரு பூட்வால் இருக்கை கடைய அரை நாள். ஆனால் அந்த அரை நாளால் ஒரு தோட்டம் காயாமல் நின்றது.

பியறிங் வாங்க முடியாது. பழைய பியறிங்குகளின் உட்புறத்தில் பூசியிருக்கிற மெதுவான வெள்ளை உலோகத்தை உருக்கி எடுத்து புதிதாக ஊற்றினோம். சூடு பார்க்கக் கருவி இல்லை. அப்பா காய்ந்த ஈர்க்கு ஒன்றை உருகிய உலோகத்துக்குள் விட்டு எடுப்பார். ஈர்க்கு வெள்ளையாக வந்தால் சூடு போதாது. கருகி வந்தால் கூடிவிட்டது. தேன் நிறத்தில் வந்தால் ஊற்றலாம். ஊற்ற முன்னர் பியறிங்கின் வெளிக்கூட்டைத் தணலில் காட்டி ஈரம் போக்கவேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உலோகம் முகத்துக்குத் தெறிக்கும். அப்பாவின் இடது புருவத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆறிய பிறகு தண்டுக்கு நீலம் பூசி, வைத்துச் சுற்றி, நீலம் பட்ட மேடுகளைச் சுரண்டி, திரும்ப வைத்து, திரும்பச் சுரண்டி. எவ்வளவு சுரண்டவேண்டும் என்று கொப்பியில் இருந்தது. அந்த மில்லுக்கு 1972இல் அப்பப்பா விட்ட இடைவெளியைத்தான் நாங்களும் விட்டோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் ஊர் இருக்கிற வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டது. லேத்தைத் தூக்கமுடியாது. அப்பா அன்று பின்னேரம் அதன் பற்சில்லுகளைக் கழற்றினார். பற்றன்களைத் தொடவில்லை. திருகாணிப் புரி வெட்டும்போது மாற்றி மாட்டுகிற சில்லுகள் இருபது பல்லிலிருந்து தொடங்கும். அவற்றில் ஒன்றுக்கு 127 பல்லு. அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. எங்கள் லேத் அங்குல லேத். யப்பான் பம்புகளின் புரி மில்லிமீற்றரில். 127 பல்லுச் சில்லு இல்லாமல் அந்த அங்குல லேத்தில் சரியான மில்லிமீற்றர்ப் புரி வெட்டமுடியாது. சாக்கில் சில்லுகள், சொப்பிங் பையில் பதினாறு கொப்பிகள், மரப்பெட்டியில் மைக்ரோமீட்டர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாச்சி அந்த இருட்டிலும் "தேப்பனைப் போலை" என்றா. நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த அந்தக் கூட்டத்துக்குள் சாக்கைச் சைக்கிள் பாரில் வைத்துத் தள்ளியது நான். மழை வேறு. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் வருவதில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கூரை இல்லை. மோட்டார் இல்லை. பற்றன்களில் பாதிக்கு மேல் விறகாகப் போயிருந்தன. லேத் கறள் பிடித்து அப்படியே நின்றது. சில்லு இல்லாத லேத்தை யாரும் எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் போட்டு மூன்று கிழமை துடைத்தோம். முதல் வேலை ஒரு யப்பான் பம்பின் தண்டுக்குப் புரி வெட்டியது. சாக்கில் வந்த சில்லைப் பூட்டித்தான் வெட்டினோம். எரிந்த பற்றன்களைக் கொப்பியைப் பார்த்துத் திரும்பச் செய்தோம். அது முடிய நாலு வருடம்.

என் கையில் பட்டறை வந்த பிறகு நான் விட்ட பிழையையும் சொல்லவேண்டும். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகு நிரந்தரமாகத் திறந்தபோது தெற்கிலிருந்து மலிவுப் பம்புகள் வந்து நிறைந்தன. புதுப் பம்பின் விலை எங்கள் திருத்தக் கூலிக்குக் கிட்ட வந்துவிட்டது. பயத்தில் லீசிங்கில் காசு எடுத்து, கற்கரி இறக்கி, உலையைத் திரும்ப மூட்டினேன். வந்த முதல் பெரிய ஓடர் ஒரு மில்லுக்கு இரண்டடிக் கப்பி. அவசரம். பற்றன் செய்ய நேரம் இல்லை என்று உடைந்த பழைய கப்பியையே ஒட்டி, அதையே பற்றனாக மண்ணில் பதித்து வார்த்துவிட்டேன். அப்பா அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில்.

சாமானையே பற்றனாக வைத்தால் சுருக்கத்துக்கு விட்ட இடம் இல்லை, கடைவதற்கு விட்ட இடமும் இல்லை. இரண்டடிக்கு இரண்டு நூல் சின்னதாக வந்தது. அது பெரிய காரியம் இல்லை. ஆனால் துளையையும் முகத்தையும் கடைந்து எடுத்தபோது தண்டு நுழைகிற நடுக்குடத்தின் சுவர் மெலிந்து போனது. மில்லில் வைத்து, கப்பியைத் தண்டோடு இறுக்குகிற ஆப்பை, கீயை, அடித்தேன். மூன்றாவது அடியில் குடம் விரிந்தது. சத்தம் பெரிதில்லை, 'டிக்' என்று. மில்காரர் ஒன்றும் பேசாமல் வார்ப்பட்டையைச் சுருட்டி வைத்தார். கொப்பியில் அந்தக் கப்பியின் அளவு இருந்தது, 1968ஆம் ஆண்டுக் கொப்பியில், நான் திறந்துபார்க்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்து, சும்மா இன்னொன்று வார்த்துக் கொடுத்தேன். லீசிங் தவணையை நாலு மாதம் மனைவியின் சம்பளத்தில் கட்டினோம்.

உடைந்த சாமானைத்தான் பற்றனாக வைக்கவேண்டும் என்ற நிலை வந்தால், கடைகிற பக்கமெல்லாம் தோல் அல்லது மெழுகு ஒட்டிப் பெருப்பித்துப் பதியுங்கள். பற்றனையே அலுமினியத்தில் செய்வதென்றால் சுருக்கத்தை இரண்டு தரம் கூட்டவேண்டும், அலுமினியத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று.

இப்போது புதிதாக வார்ப்பது குறைவு. வார்ப்பிரும்பு வெடிப்பு ஒட்டுகிற வேலைக்குத்தான் வன்னியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலிண்டர் ஹெட், என்ஜின் சிலிண்டரின் மூடி, வெடித்தால் நேரே வெல்டிங் கம்பியை வைக்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு வெடிப்பு ஓடும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் மறியுங்கள். முழு ஹெட்டையும் கரித்தணலில் ஆறுதலாகச் சூடாக்கி, பித்தளைக் கம்பியால் ஒட்டி, உடனே உமிச்சாம்பலுக்குள் புதைத்துவிடுங்கள். அடுத்த நாள் காலமைதான் எடுக்கவேண்டும். எடுத்துப் பார்க்க ஆசை வரும். எனக்கு வேலை பழக்கிய ஆட்களில் பாதிப் பேர் அந்த ஆசையில் ஹெட்டைக் கெடுத்தவர்கள்தான்.

கடன் விஷயம். "வெங்காயம் கிண்டினாப்போலை தாறன்" என்பது இங்கே வழமை. அதை மறுத்தால் தொழில் இல்லை. ஆனால் சாமான் காசைக் கையில் வாங்கிவிடுகிறேன், கூலியை மட்டும் அறுவடைக்கு விடுகிறேன். பழகுகிற பெடியங்களிடமும் எதையும் ஒளிப்பதில்லை. நாலு பேர் பழகி மூன்று பேர் வெளிநாடு போவார்கள், ஒருவன் நிற்பான். இப்போது நிற்கிறவன் என் சொந்தக்காரன் இல்லை. கொப்பி எழுதுவது அவன்தான், பதினேழாவது கொப்பி. பங்கு எழுத்திலே போட்டுக் கொடுத்திருக்கிறேன், நொத்தாரிசிடம் போய்.

ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் பேரன் போன மாதம் கோல் எடுத்தான். அங்கே ஒரு இயந்திரக் கொம்பனியில் வேலை. கொப்பிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தருகிறானாம். இரவில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து அனுப்புகிறேன். ஒன்பதாவது கொப்பியில் பண்டத்தரிப்பு மில்லின் பக்கத்தில் ஒயில் ஊறித் தண்டின் அளவு அழிந்துபோயிருக்கிறது, 1.99 வரைதான் தெரிகிறது. அந்த என்ஜின் ஓடுவதில்லை, ஆனால் கொட்டிலுக்குள் இன்னும் நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மைக்ரோமீட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.